கோப்பில் இருக்கும் அக்கா

கல்கத்தா சால்ட் லேக்கில் ஒரு மருத்துவமனை. அங்கே பச்சிளங்குழந்தைகள் வார்டின் வாசலில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். உதட்டில் கொப்புளமோ காய்ந்த பொருக்கோ இருப்பவர், டாக்டரே ஆனாலும், உள்ளே வரக் கூடாது என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. நர்சுக்கு அப்படி வந்தால் ஆறும்வரை வேறு வார்டில் வேலை கொடுப்பார்களாம். மாத்திரையும் அங்கேயே கிடைக்குமாம். என்னைக் கூட்டிப்போய் அந்தப் பலகையைக் காட்டியவள் சுதிப்தா. ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவள், இப்போது அந்த வார்டுக்கே பொறுப்பு.

"மொரோகதோம்தி, புதுசா வந்த பொண்ணுங்களுக்கு வகுப்பு வைக்கிறேன். நீங்க வந்து பத்து நிமிஷம் பேசணும். உங்க அனுபவத்துல நல்லதா ஒண்ணு ரெண்டு சொன்னா போதும்" என்றாள்.

என் பெயர் மரகதம். முப்பத்தாறு வருஷ வேலையில் ஒரு வங்காளி வாயிலும் அது மரகதமாக வந்ததில்லை. அது போகட்டும். 'நல்லதா' என்றாளே, அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. அந்தப் பலகையின் முன்னால் நின்றுகொண்டு நல்லதாகச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? முடியாது என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்தபின் மனசு கேட்கவில்லை. பேச முடியாததை எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் உதட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் கிடர்பூர் லாரிச் சத்தத்தில். நர்சிங் படிப்பில் முதல் வருஷப் பரீட்சைக்கு முந்தின நாள் என் கீழுதட்டின் இடது ஓரத்தில் ஒரு குறுகுறுப்பு வந்தது. மறுநாள் அங்கே சின்னச் சின்னதாக நாலைந்து நீர்க் கொப்புளங்கள். அம்மா பார்த்துவிட்டு "அக்கி" என்று முடிவு கட்டினாள். ஊராக இருந்தால் குயவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காவியால் அக்கி எழுத வைத்திருப்பாள். கல்கத்தாவில் அதற்கு எங்கே போவது? எங்கிருந்தோ காவிக்கல் வாங்கி உரசி அவளே பூசிவிட்டாள். சிவப்பு உதட்டோடு பரீட்சை எழுதப் போனேன். வகுப்பே சிரித்தது. வங்காளிப் பெண்கள் இதை ஜொர்டோஷா என்பார்கள். ஜொர் என்றால் காய்ச்சல், காய்ச்சல் வந்து போன பிறகு வருகிற கொப்புளம் என்று அர்த்தம். எனக்குக் காய்ச்சலே வரவில்லை.

படிப்பு முடிந்தது, வேலையும் கிடைத்தது. அந்தக் கொப்புளம் மட்டும் என்னை விடவில்லை. வருஷத்துக்கு நாலைந்து தடவை, எப்போதும் அதே இடது ஓரத்தில் வரும். தூக்கம் கெட்டால் வரும், வெயிலில் அலைந்தால் வரும், மாதவிலக்குக்கு முன்னால் வரும், இன்ஸ்பெக்‌ஷன் என்றால் தவறாமல் வரும். தோல் டாக்டர் ஒருவர் விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னார். "இது சூடும் இல்லை, அக்கியும் இல்லை. ஹெர்பிஸ் என்கிற வைரஸ். சின்ன வயசில் யாரோ உன்னை ஆசையாகக் கொஞ்சியிருப்பார்கள், அப்போது வந்திருக்கும். புண் ஆறினாலும் வைரஸ் போகாது. காதுக்குப் பக்கத்தில் நரம்பின் வேரில் படுத்துக் கிடக்கும். நீ சோர்ந்தால் அது எழுந்து வரும்." குறுகுறுப்பு தெரிந்த அன்றைக்கே மாத்திரையை ஆரம்பிக்க வேண்டும், கொப்புளம் வந்தபின் ஆரம்பித்தால் பலன் குறைவு என்றார். தொடாதே, கிள்ளாதே, டம்ளரையும் துண்டையும் தனியாக வை, பொருக்கு உதிர்ந்து தோல் மூடும்வரை யாரையும் முத்தமிடாதே என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: "பெரியவர்களுக்கு இது அழகுப் பிரச்சினை. பிறந்த குழந்தைக்கு உயிர்ப் பிரச்சினை. மூளைக்குப் போய்விடும்."

இனிச் சொல்லப்போவதை நான் தெரியாமல் செய்தேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

எனக்குப் பச்சிளங்குழந்தைகள் வார்டு. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். வார்டுக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் போர்தி என்போம், பெரிய அக்கா என்று பொருள். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையும் நீலக் கரையுமாக வருவார். வந்ததும் ஒவ்வொரு தொட்டிலின் கம்பிக்கு அடியிலும் விரலை ஓட்டி, விரல் நுனியைப் பார்ப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை, 'முடியாது' என்று சொல்லியும் கேட்டதில்லை. நாம் சொன்னதன் கடைசி வார்த்தையை எடுத்து நம்மிடமே கேள்வியாகத் திருப்பிக் கொடுப்பார், அவ்வளவுதான். நாமே வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுவோம்.

"போர்தி, எனக்கு உதட்டில் வந்திருக்கிறது. நாலு நாள் வேறு வார்டு கொடுங்கள்."

"வேறு வார்டா?"

"குழந்தைகளுக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னார்."

"ஆபத்தா?" என்று என் உதட்டை நிதானமாகப் பார்ப்பார். "ஜொர்டோஷாவுக்கு வார்டு மாத்தினா, இங்கே நானும் சுவரும்தான் மிச்சம்." ஒரு மாஸ்க்கை எடுத்து நீட்டுவார்.

வேலை தெரிந்தவர், அதை மறுக்க மாட்டேன். கை கழுவுவதை அவர் சொல்லிக் கொடுத்ததுபோல இன்றுவரை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாம் கழற்றி, விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கை வரை மூன்று நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நிற்பார். அந்த மூன்று நிமிஷத்தில் உலகத்துக் கிருமியெல்லாம் செத்துவிடும் என்று நாங்களும் நம்பினோம்.

அந்த வருஷம் துர்கா பூஜைச் சமயத்தில் வார்டில் பாதிப் பேர் லீவு. வெளியே பந்தலில் டாக் மேளம் அடிக்கிற சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. எனக்கு உதட்டில் கொப்புளம் உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. போர்தியிடம் போய்க் கேட்டேன். "லீவா?" என்றார். திரும்பி வந்து மாஸ்க்கைக் கட்டிக்கொண்டேன். சப்தமியன்று செல்விக்கு ஆண் குழந்தை பிறந்தது.

செல்வி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். புருஷன் முருகேசன் துறைமுகத்து வேலைக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு பேருக்கும் வங்காளமும் தெரியாது, இந்தியும் தெரியாது. பூஜைக் கூட்டத்தில் ரயிலில் இடம் கிடைக்காமல் ஊரிலிருந்து ஒருத்தரும் வந்து சேரவில்லை. அவளுடைய வலிக்கு நான்தான் வாய், டாக்டர் சொல்வதற்கு நான்தான் காது. தமிழ் பேசுகிற ஒரு முகத்தைக் கண்டதில் அந்தப் பெண் என் கையை விடவே இல்லை.

மறுநாள் காலையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் சீனித்தண்ணீர் கரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அக்கா, பிள்ளைக்கு நீங்கதான் சேனை வைக்கணும்."

சேனை வைப்பது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயமில்லை. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் சொந்தத்தில் நல்ல குணமுள்ளவராகப் பார்த்துத் தேடிப் பிடிப்பார்கள். குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்று தாய்மார்களுக்கு வாய் வலிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

"ஆஸ்பத்திரியில அதெல்லாம் கூடாது செல்வி."

"ஒரு சொட்டுதானக்கா. எங்க அம்மா போன்ல அழுதாங்க. இங்க எனக்கு வேற யாரு இருக்கா? உங்க குணம் எம்பிள்ளைக்கு வந்தா போதும்."

இரண்டு முறை மறுத்தேன். மூன்றாவது முறை மறுக்கவில்லை. அவள் மேல் இரக்கப்பட்டேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி பெருமை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை. எந்த வீட்டுத் தொட்டிலுக்கும் என்னை யாரும் முதலில் கூப்பிட்டதில்லை. இவள் கூப்பிட்டாள். குளிர்ந்துபோனேன்.

மூன்று நிமிஷம் கை கழுவினேன். கிண்ணத்தில் விரலைத் தொட்டேன். எங்கள் அம்மா, அத்தை எல்லோரும் செய்கிற மாதிரி, இனிப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாஸ்க்கைக் கீழே இழுத்து விரலை என் நாக்கில் வைத்தேன். "நல்லா இருக்கு" என்றேன். அதே விரலைத் திரும்பவும் கிண்ணத்தில் தோய்த்துக் குழந்தையின் நாக்கில் வைத்தேன். அவன் சப்பினான். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தவள், "அக்கா, உதட்டுல என்ன புண்ணு?" என்றாள். "சூடு" என்று சொல்லி மாஸ்க்கை ஏற்றிக்கொண்டேன்.

இது சூடு இல்லை என்று எனக்கு ஒரு டாக்டர் அதே வார்த்தையிலேயே சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. ஒரு சொட்டுதானே என்று தள்ளிவிட்டேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார்கள். ஒன்பதாம் நாள் திரும்பி வந்தார்கள். குழந்தை பால் குடிக்கவில்லை, எழுப்பினாலும் விழிக்கவில்லை, உடம்பு துவண்டு கிடந்தது. ரத்தத்தில் கிருமி என்று முடிவு செய்து டாக்டர் ஊசிகளை ஆரம்பித்தார். அந்த வயதில் அப்படி வந்தால் எல்லோரும் முதலில் நினைப்பது அதைத்தான். மறுநாள் காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போனபின் துணி மாற்றும்போது அவன் வாயின் ஓரத்தில் பார்த்தேன். சிவந்த தோலின் மேல் மூன்று நீர்க் கொப்புளங்கள், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு. வேறு யாராவது பார்த்திருந்தால் வேர்க்குரு என்று விட்டிருப்பார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தை நன்றாகத் தெரியும். கண்ணாடியில் வருஷக்கணக்காகப் பார்த்த கொப்புளம்.

போர்தியிடம் ஓடினேன். "இது ஹெர்பிஸ் மாதிரி இருக்கு."

"ஹெர்பிஸா?"

"டாக்டரைக் கூப்பிடணும்."

"டாக்டரையா? நர்சு நோயைச் சொல்ல டாக்டர் வந்து கேட்டுக்கணுமா? நாளைக்குக் காலையில ரவுண்ட்ஸ் வருவார், அவரே பார்ப்பார்." சொல்லிவிட்டு என் உதட்டைப் பார்த்தார். அங்கே இன்னும் ஒரு சிவப்புத் தழும்பு மிச்சம் இருந்தது. போர்திக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரிந்தது எனக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் வேலையைப் பார்க்கப் போனோம்.

போன் வார்டிலேயே, பத்தடி தள்ளி இருந்தது. அவரைத் தாண்டி நானே டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அன்று பகல் முழுக்க அந்தக் குழந்தையின் பக்கத்திலேயே வேலை செய்தேன், வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை ரவுண்ட்ஸுக்குச் சற்று முன்னால் அவனுக்கு வலிப்பு வந்தது. பச்சைக் குழந்தையின் வலிப்பு பெரியவர்களுடையதைப் போல இருக்காது. உதட்டைச் சப்புக்கொட்டுவான், ஒரு கால் மட்டும் சைக்கிள் மிதிப்பதுபோல அசையும், கண் ஒரு பக்கமாக நிலைக்கும். பசிக்கிறது என்று நினைத்துச் செல்வி அவனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

டாக்டர் போர்தியோடு ரவுண்ட்ஸ் வந்தார். அப்போதுதான் பேசினேன். கொப்புளத்தைக் காட்டி, "ஸார், ஹெர்பிஸாக இருக்குமா?" என்றேன். டாக்டர் குனிந்து பார்த்தார். முகம் மாறியது. "நேற்றே இருந்ததா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் செல்வி பக்கம் திரும்பி, "வீட்டில் யாருக்காவது ஜொர்டோஷா இருந்ததா, யாராவது குழந்தையை முத்தமிட்டார்களா, கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். செல்வி தலை நிமிரவில்லை, பயத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வீட்டுல யாருக்கும் இல்ல. சேனை வச்ச அக்காவுக்குத்தான் உதட்டுல புண்ணு இருந்துச்சு."

உதட்டில் புண்ணோடு ஒருவர் பிள்ளையின் வாயில் சர்க்கரைத் தண்ணீர் வைத்ததாக மட்டும் வங்காளத்தில் சொன்னேன். செல்வி சொன்னதில் டாக்டர் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். "அக்கா மானே?" அக்கா என்றால் என்ன என்று கேட்டார்.

"திதி" என்றேன்.

சரியான மொழிபெயர்ப்பு. ஒரு எழுத்துகூடப் பிசகில்லை. அந்த வார்டில் நர்சுகள் எல்லோருக்குமே திதி என்றுதான் பெயர். டாக்டர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "எந்த திதி? அவளுடைய சொந்த அக்காவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் போர்தி சொன்னார்: "ஆமாம். அவளோட அக்கா."

அவர் கேள்வி கேட்காமல் நேராகப் பதில் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

நான் திருத்தவில்லை.

மருந்து அந்த நிமிஷமே ஆரம்பமானது, அதில் தாமதமில்லை. கொப்புளத்தின் அடியைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முதுகிலிருந்து நீர் எடுத்தார்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அசைக்ளோவிர், நரம்பு வழியாக, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு துணியையும் ஈரத்தோடு தராசில் வைத்து, எவ்வளவு சிறுநீர் போனான் என்று கணக்கெடுத்தோம். இருபத்தொரு நாள். என் ஷிப்டில் அவனை வேறு யாரும் தொட விடவில்லை. பெரிய தியாகி. செல்வி அதைப் பார்த்து அழுவாள், "கூடப் பிறந்தவகூட இப்படிச் செய்யமாட்டா" என்பாள்.

பிழைத்தான். ஆனால் மூளையில் ஒரு பகுதி போய்விட்டது என்று ஸ்கேனில் தெரிந்தது. "ஒரு நாள் முன்னால் ஆரம்பித்திருந்தால்..." என்று தொடங்கிய டாக்டர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு நாள் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

விசாரணை நடந்தது. போர்தி தன் அழகான கையெழுத்தில் அறிக்கை எழுதினார். தாயின் மூத்த சகோதரி, உதட்டில் புண்ணோடு, அவர்கள் ஊர் வழக்கப்படி குழந்தையின் வாயில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தார் என்று. கீழே, 'தாயின் வாக்குமூலத்தைத் தமிழிலிருந்து மொழிபெயர்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். செல்விக்கு அக்காவே கிடையாது. அவள்தான் வீட்டில் மூத்தவள். அதை யாரும் கேட்கவில்லை.

அந்தக் கோப்பிலிருந்து ஒரு புது விதி பிறந்தது. உறவினர்கள் வார்டுக்குள் வரக் கூடாது, ஊர் வழக்கம் எதுவும் செய்யக் கூடாது. அதன்பின் எத்தனையோ பெரியம்மாக்களையும் சித்திகளையும் வாசலிலேயே நிறுத்தினோம். கண்ணாடி வழியாகப் பார்த்து அழுதுவிட்டுப் போனார்கள். நான் உதட்டில் புண்ணோடு, மாஸ்க் கட்டிக்கொண்டு, அவர்களைத் தாண்டி உள்ளே போனேன். வேறு வார்டு தாருங்கள் என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். என் ரிட்டயர்மென்ட் வரை அந்த விதி மாறவில்லை. மாற்றியிருக்கக்கூடிய ஒரே கோப்பில் என் கையெழுத்து இருந்தது. போர்தி மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார், கொஞ்ச வருஷத்தில் காலமானார். அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்கலாம் என்று பார்த்தால், அவர் பொய் சொன்னது ஒரு வாக்கியம்தான். மிச்சமெல்லாம் என் மௌனம்.

அவர்கள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று செல்வி என்னைத் தனியாக அழைத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு டாக்டர் கேட்டப்போ 'திதி'ன்னு உங்களயே சொன்னீங்கல்லா. இங்க நர்சம்மாவத்தானே திதிங்காங்க, எனக்குப் புரிஞ்சுது. வேற யாரும்னா மறைச்சிருப்பாங்க. நீங்க உள்ளதச் சொன்னதாலதான் எம்பிள்ளைக்கு மருந்து ஏத்துனாங்க. தெரியாம நடந்துபோச்சு, மனசுல வச்சுக்காதீங்க."

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த வருஷமே மாற்றல் வாங்கிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் செல்வி தவறாமல் போன் செய்கிறாள். பையனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. பிடித்துக்கொண்டு நடப்பான், ஆள் தெரியும், அம்மாவைக் கண்டால் சிரிப்பான். பேச்சு மட்டும் வரவில்லை. போன பொங்கலுக்கும் சொன்னாள்: "உங்க குணம் அப்படியேக்கா. ஒரு தொந்தரவு கிடையாது. என்ன நடந்தாலும் வாயே திறக்கமாட்டான்."

அவள் அதை வாஞ்சையாகத்தான் சொன்னாள். போனை வைத்தேன். சேனை வைத்தவளின் குணம் பிள்ளைக்கு வரும் என்பதை நர்சாக நான் நம்பியதில்லை. அன்று நம்பினேன்.

சுதிப்தாவுக்குத் தமிழ் படிக்க வராது. வகுப்பில் வாசிக்க வேண்டுமானால் இதை யாரிடமாவது கொடுத்து வங்காளத்தில் எழுதி வாங்கட்டும். செல்விக்கு ஒரு பிரதியை நானே அனுப்புகிறேன், அவளுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. மொழிபெயர்க்கிறவருக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். செல்வி 'சேனை வச்ச அக்கா' என்று சொல்கிற இடத்தில் திதி என்று போடாதீர்கள். மரகதம் என்று போடுங்கள்.